வாலஸ் துரையும் வாலில்லாக் குரங்கும்

அதிகாலையில் பெரட்டுக்கு ஆள் கூடும் வேளையில், தோட்டத்து எல்லைக்கப்பாலுள்ள காட்டினின்றும் 'உங்கா'வின் நெடுங்கூவல் எழுவதைச் செவியுற்றோர் நம்மில் பலர் உளர். அவ்வேளையில் பெயர்ப் புத்தகமும் கையுமாக நிற்கும் நம் காதில், "டேய் குரங்கு, ஏன் தாமதம்?" என்று ஒருவர் மற்றொருவரை ஏசும் ஓசையும் விழுவதுண்டு. ஏசியவரும் ஏசப்பட்டவரும் அறியாத செய்தியொன்று இதிலுண்டு. காட்டில் கூவிய உங்கா சாதாரணக் குரங்கன்று. அது வாலில்லாக் குரங்கினத்தைச் சேர்ந்தது. அவ்வினத்திற்கு நாமனைவரும் உறவினரே. ஏசப்பட்டவருக்கு அவ்வுறவு எவ்வளவோ, ஏசியவருக்கும் அவ்வளவே. மயிரிழையும் கூடுதல் குறைவில்லை.

இவ்வுறவை இந்நாட்டு மண்ணில் நின்றே ஆராய்ந்து கூறும் ஆங்கில நூலொன்றுண்டு. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பார் எழுதி 1869-இல் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்பதே அது. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில் அந்நூலின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தோம். நூலைப் படித்தது பின்னாளிலேயாம். அதில் ஓராங் ஊத்தானைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வாலஸ் செல்வரல்லர், பல்கலைக்கழகத்தை மிதித்தவருமல்லர். வண்டு, வண்ணத்துப்பூச்சி, பறவை முதலியவற்றைப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்பி, அவை விற்ற பணத்தைக் கொண்டே ஆராய்ச்சி நடத்தியவர். 1854-இல் சிங்கப்பூர் வந்திறங்கிய அவர், 1855-இல் சரவாக்கின் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்தருகே பல மாதங்கள் தங்கினார். ஓராங் ஊத்தானுக்கு அவ்விடத்தார் இட்ட பெயர் 'மியாஸ்'. 'ஓராங்' என்பது மனிதன், 'ஊத்தான்' என்பது காடு என நம் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. உடல் நூலார் கத்தியெடுத்து அறுத்துக் கண்ட உண்மையை, மலாய் மொழி பெயரிலேயே வைத்திருந்தது.

ஒருநாள் வாலஸ் ஒரு தாய் மியாஸைச் சுட்டு வீழ்த்தினார். அதன் குட்டி சேற்றில் முகங்குப்புறக் கிடந்தது. எடுத்துச் சென்றபோது அது அவருடைய தாடியை இறுகப் பற்றிக்கொண்டதாம். பால் கிடைக்காத இடமாதலின், அரிசிக் கஞ்சி நீரைப் புட்டியிலிட்டு ஊட்டினார். சில வேளை சர்க்கரையும் தேங்காய்ப் பாலும் சேர்த்தார். குளிப்பாட்டித் துவட்டி மயிர் வாரிவிட்டார். பற்றிக்கொள்ள ஏதேனும் வேண்டுமென்று எருமைத் தோலைச் சுருட்டி ஒரு பொய்த்தாயைச் செய்து தொங்கவிட்டார். குட்டியோ அதில் பால் தேடிப் பார்த்து, வாயில் மயிர் அடைத்து மூச்சுத் திணறிற்று. ஆகவே அதனை அகற்றினார். ஏறக்குறைய மூன்று மாதங்களில் குட்டி நோயுற்று இறந்தது. அதன் தோலையும் எலும்பையும் பதப்படுத்தும்போதுதான், மரத்தினின்று விழுந்த அன்றே அதற்கு ஒரு கையும் ஒரு காலும் முறிந்து, பின்னர்த் தாமே கூடியிருந்ததை அறிந்தார். முறிந்த எலும்போடு அக்குழந்தை அவர் தாடியைப் பற்றியிருந்தது!

இவ்வத்தியாயத்தின் சிறப்பு யாதெனில், ஆசிரியர் கண்டதைக் கண்டவாறே எழுதியமையாம். மியாஸ் குட்டிக்குத் துணையாக ஒரு சிறு வாற்குரங்குக் குட்டியையும் அவர் வளர்த்தார். வாற்குரங்குக் குட்டி ஓடியாடித் தானே எடுத்துத் தின்றது. மியாஸ் குட்டியோ மல்லாந்து கிடந்து, கைகால் உதறி, மனிதக் குழந்தையைப் போலவே அழுதது. வாலில்லாக் குரங்கு நம் பக்கம் நிற்கிறதா, வாற்குரங்கின் பக்கம் நிற்கிறதா என்னும் வினாவிற்கு அந்தக் காட்டுக் குடிசையிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதி விடையைப் பிற்காலத்தார் கண்டனர். 1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் அம்மையார், சிம்பன்சி புல்லின் தண்டைக் கருவியாக்கிக் கறையான் பிடிப்பதைக் கண்டார். 2011-இல் ஓராங் ஊத்தானின் மரபணுத் தொகுதி படித்தறியப்பட்டபோது, நூற்றுக்குச் சுமார் 97 பங்கு நம்மோடு ஒத்திருந்தது. சிம்பன்சியோ அதனினும் நமக்கு நெருங்கியது. 2022-இல் சுமத்ராவில் ராக்குஸ் என்னும் ஆண் ஓராங் ஊத்தான், 'ஆக்கார் கூனிங்' கொடியின் இலையை மென்று தன் முகத்துப் புண்ணில் பூசியதை ஆராய்ச்சியாளர் பதிவு செய்தனர். கருவி மனிதனுக்கே உரியது, மருந்து மனிதனுக்கே உரியது என்று நாம் நட்ட வேலிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. குரங்கு மனிதனாயிற்று என்பதன்று இதன் பொருள். இருவர்க்கும் பொது முன்னோர் உண்டு. கிளை பிரிந்து நெடுங்காலமாயிற்று என்பதே.

நிற்க. அங்ஙனமாயின் வேற்றுமையே இல்லையோ? உண்டு. இரு காலால் நிமிர்ந்து நடத்தல், மும்மடங்கு பெரிய மூளை, பேச்சு இவையெல்லாம் யாவரும் அறிந்தவை. அவற்றினும் நம் நெஞ்சிற்கு நெருங்கிய வேற்றுமையொன்றை அந்தக் கஞ்சிப் புட்டி காட்டுகிறது. தாய் மியாஸ் ஏழெட்டாண்டுகளுக்கு ஒருமுறையே ஈன்று, தந்தையின் துணையின்றித் தானொருத்தியே குட்டியைக் காக்கும். பச்சிளங்குட்டியைப் பிறர் கையில் விட்டு அகலாது. மனிதத் தாயோ, மூத்தது தன்னைத் தான் காத்துக்கொள்ளுமுன்னரே இளையதைப் பெறுகிறாள். பிறர் கைகள் துணை நிற்பதாலேயே இஃது இயன்றது என்று சாரா ஹர்டி அம்மையார் 2009-இல் வெளியிட்ட நூலில் வாதிக்கின்றார்.

இதற்குச் சான்று தேடி நாம் அலைய வேண்டுவதில்லை. நம் தோட்டத்து ஆயாக் கொட்டகையே சான்று. விடியுமுன் பால்வெட்டச் சென்ற தாய், தன் கைக்குழந்தையை உறவல்லாத கிழவியொருத்தியின் மடியில் விட்டுச் சென்றாள். அந்த மடிகளில் வளர்ந்தோர் நம்முள் எத்துணைப் பேர்! குறுந்தொகையில் கடுந்தோட் கரவீரனார், கடுவனை இழந்த மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையினின்றும் பாய்ந்து உயிர்விட்டதாகப் பாடுகின்றார். விலங்கு நூலார் இதனை ஒப்பார். ஆயினும், துயரத்தின் எல்லையிலும் பிள்ளைக்கு வேறொரு மடி தேடுதல் என்னும் மனித குணத்தைப் புலவர் கண்டுகொண்டு, அதனை மந்தியின்மேல் ஏற்றினார். வாலஸ் துரையோ தம்மையறியாமலே அம்மடியாக ஆனார். அதுவும் வேற்றினத்தின் குழந்தைக்கு.

இனி நூலின் குறையைக் கூறுவாம். புதிதாகக் கொல்லப்பட்ட 17 மியாஸ்களைத் தாமே அளந்து பார்த்ததாக ஆசிரியர் எழுதுகின்றார். குட்டியை இழந்தமைக்கு வருந்தியதாகவும் எழுதுகின்றார். இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தாரில்லை. கஞ்சி ஊட்டிய கையே விசை இழுத்த கை என்று அவர் ஓரிடத்தும் நின்று யோசித்தாரல்லர். "அக்காலத்து வழக்கம் அதுவே; சுடாமல் ஆராய்வது எங்ஙனம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமே, துப்பாக்கிக்காக நாம் அவரைக் குறைகூறவில்லை. அந்த மௌனத்திற்காகவே குறைகூறுகின்றோம். ஏனெனில், இதே நூலின் முடிவில், நாகரிக நாட்டார் உண்மையில் காட்டு மாந்தரினும் ஒழுக்கத்தில் உயர்ந்தவரா என்று தம் நாட்டையே கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது. அத்துணிவு சிமுஞ்சானுக்குத் திரும்பி வரவில்லை. மேலும், நூல் வெளியான அதே 1869-இல், மனித மூளையை மட்டும் இயற்கைத் தேர்வால் விளக்க முடியாது, அதற்கு மேலானதோர் அறிவு வேண்டும் என்று எழுதி, டார்வினுக்கு வருத்தம் உண்டாக்கினார். தம் மடியில் கண்ட உறவினின்றும் மனிதனைத் தனியே பிரித்து எடுத்துக்கொண்டார் போலும்.

எனினும், அவரைக் குற்றஞ்சாட்ட நமக்குச் சான்று தந்தவர் அவரேயன்றோ? தாய் வீழ்ந்ததையும், கஞ்சி ஊட்டியதையும், எலும்பு முறிந்திருந்ததையும் மறையாது எழுதி வைத்தார். தன் செயலைத் தானே எழுத்தில் பதித்து, பின்வருவோர் தீர்ப்புக்கு விட்டுச் செல்லும் உயிர் மனிதனொன்றே. இந்நூலை நாம் போற்றுவது இதன் பொருட்டே.

ஆகவே தீர்ப்பும் நம் பக்கம் திரும்புகிறது. போர்னியோ ஓராங் ஊத்தான் அழிவின் விளிம்பிலுள்ளதென 2016-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. வேட்டை, காட்டுத்தீ, மரம் வெட்டுதல் ஆகியவற்றோடு செம்பனைக்காகக் காடழித்தலும் அதற்குக் காரணம். நாள்தோறும் செம்பனைக் குலைகளின் கணக்கை எழுதி ஊதியம் பெறுபவர் நாம். தீபகற்பத்துத் தோட்டத்தில் மியாஸ் இல்லையே என்று தப்பிக்கொள்ளலாகாது. உங்கா இருக்கிறது, அதன் காடும் குறைந்துகொண்டே வருகிறது. தொழிலாளியின் சோற்றைப் பறித்துக் குரங்கைக் காக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. எஞ்சிய காட்டை வெட்டாமல், உள்ள நிலத்தில் விளைவைப் பெருக்கினால் இரண்டும் பிழைக்கும்.

இறுதியாக ஒன்று. உலக மக்கள் அனைவரும் தம்முள் வேறுபடுவதைவிட, ஆப்பிரிக்கக் காடுகளில் எஞ்சியிருக்கும் சிம்பன்சிகள் மரபணுவால் மிகுதியும் வேறுபடுகின்றன. எனவே, பிறப்பால் உயர்ந்தோன், தாழ்ந்தோன் என்போர்க்கு எலும்பிலும் இடமில்லை, இரத்தத்திலும் இடமில்லை. நாளைப் பெரட்டில் ஒருவர் மற்றவரைக் 'குரங்கு' என்று ஏசுவாராயின், அருகிலிருப்பவர் அமைதியாக இவ்வளவு கூறினால் போதும்: "ஆம் ஐயா, தங்களுக்கும் அவன் உறவே."