தோலோடு தின்னுங்கள்

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறுகிறவர்கள் ஏலக்காய் மணத்தைத்தான் சிலாகிப்பார்கள். அதே ஏலமலைத் தொடரின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், பந்தல் பந்தலாகக் காய்த்துத் தொங்கும் பன்னீர் திராட்சையும் மணத்தில் குறைந்ததல்ல. ஆண்டு முழுவதும் அறுவடையாகும் இந்தப் பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருநீலத் தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருப்பது பழமே சுரக்கும் மெழுகு. அது அழியாத கொத்துதான் அதிகம் கைபடாதது. லேசாக அழுத்தினால் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்தச் சதையில் பெரும்பகுதி நீரும் சர்க்கரையும்தான். மருத்துவக் குணம் மிகுந்திருப்பது நாம் துப்பிவிடும் தோலிலும் விதையிலும். தோலுக்கு நிறம் தருவது ஆந்தோசயனின். பூஞ்சை தாக்கும்போது தற்காப்புக்காகக் கொடி உண்டாக்கும் ரெஸ்வெரட்ராலும் தோலில்தான் சேர்கிறது. விதையின் துவர்ப்பு டானினால் வருவது. இவை ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் சேர்மங்கள்.

ஆனால் பழத்தில் ரெஸ்வெரட்ராலின் அளவு மிகச் சிறிது. திராட்சை நல்ல உணவு, மருந்துக்கு மாற்றல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவறிந்து தின்ன வேண்டும். மற்றவர்கள் நன்றாகக் கழுவி, தோலோடு, விதையையும் மென்று தின்னுங்கள்.