ரோவனின் 0.23

கேஸ் டர்பைன் மாடல்களில் என் மனசுக்கு முதலிடம், டபிள்யூ. ஐ. ரோவன் 1983-ல் வெளியிட்டதற்குத்தான். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் அத்தனை பெரிய இயந்திரங்களின் குணத்தையும் ஒரு பிளாக் டயகிராமுக்குள் கொண்டுவந்துவிட்டார். வேகம், வெப்பநிலை, முடுக்கம் மூன்றும் எரிபொருள் கேட்கும். குறைவாகக் கேட்பதற்கே வால்வு கட்டுப்படும்.

இருந்தாலும் நான் போய் நிற்கும் இடம் டார்க் (முறுக்குவிசை) கணக்குதான். எரிபொருளிலிருந்து 0.23-ஐக் கழித்து 1.3-ஆல் பெருக்குகிறார். ஒரு வாட் கூட வெளியே தராமல் முழு வேகத்தில் சும்மா சுற்றும்போதே முழு லோடுக்கான எரிபொருளில் 23 சதவீதம் போய்விடுகிறது. கம்ப்ரஸரைச் சுற்றவே அவ்வளவு வேண்டும். மிச்சம் 0.77, 1.3-ஆல் பெருக்கினால் ஒன்று! எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அலுக்காத கணக்கு.

எக்ஸாஸ்ட் வெப்பநிலைக்கு அவர் எழுதியதும் அதே ஜாதி. முழு லோடில் வேகம் 5 சதவீதம் விழுந்தால் வெப்பநிலை 27.5 டிகிரி பாரன்ஹீட் ஏறும். அதை இறக்க எரிபொருளில் ஏறக்குறைய 4 சதவீதம் வெட்டுப்படும். திறனில் 7 சதவீதம் காணாமல் போகும். கிரிட் தவிக்கிற நேரத்தில் இயந்திரம் கையை இழுத்துக்கொள்கிறது. 1996 ஆகஸ்ட் 3 அன்று மலேசியத் தீபகற்பம் இருண்ட பிறகுதான் பலரும் இதைப் பெரிதாகப் பேசினார்கள்.

'காஸ்ட்' மாடல்காரர்களோடு என் வழக்கு இதுதான். சின்ன அசைவுகளுக்கு அது போதும், மறுக்கவில்லை. ஆனால் அதன் லோடு வரம்பு வேகத்தோடு சேர்ந்து இறங்காது. இன்னொரு மாடலான ஜிஜிஓவி1 நல்ல உழைப்பாளி. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு, மயக்கம் இல்லை.

தமிழ்நாடு மின் வாரியத்தின் கேஸ் டர்பைன்கள் வழுதூர், குத்தாலம், கோவில்களப்பால் என்று கிழக்கே இருக்கின்றன. ஆனாலும் கிரிட்டின் அதிர்வெண் சரிவு எங்கள் கோயம்புத்தூருக்குப் புதிதல்ல. 2003 ஜனவரியில் தெற்கு மண்டலத்துக்கு ஏபிடி என்ற மின்கட்டண முறை வருவதற்கு முன், நூற்பு மில் பேனலில் ரீட் மீட்டரின் நாக்குகள் 49-க்குக் கீழேதான் ஆடிக்கொண்டிருக்கும். மோட்டார் தளர, கதிர் தளர, நூல் குறையும். இன்றைக்குப் பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாடிகள் ஓய்ந்தால் காடம்பாறை நீர்மின் நிலையத்தின் 400 மெகாவாட்டைத் தேடுகிறோம். கேட்டைத் திறந்ததும் திறன் ஒரு கணம் இறங்கி அப்புறம் ஏறும் தண்ணீரின் குணமும் அழகுதான். ஆனால் அதைப் பாடம் நடத்த இங்கே ஆள் இருக்கிறது, டர்பைனுக்குத்தான் இல்லை.

இப்போது பிராஜெக்ட் கொண்டுவரும் பிள்ளைகளிடம் "இந்த 0.23 எங்கே கிடைத்தது?" என்று கேட்டால், சாஃப்ட்வேரிலேயே இருந்தது என்கிறார்கள். அது ரோவன் தன் இயந்திரங்களுக்குப் போட்ட எண். லோடை முழுக்க இறக்கிவிட்டு, சும்மா சுற்றும்போது எரிபொருளை அளந்தால் அந்தந்த இயந்திரத்தின் சொந்த எண் கிடைக்கும். அப்படி அளந்து வருகிறவரின் சிமுலேஷனை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்க நான் தயார்.