தோளில் தெரியாத பதவி

வெளியுறவுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பேசத் தொடங்கினால் ஒரு பெருமிதம் தவறாமல் வந்துவிடுகிறது. ராணுவத்தில் தோள்பட்டைக்கு மரியாதை, எங்களிடம் கருத்துக்கு மரியாதை என்பார்கள். மூன்றாம் செயலர்கூடத் தூதரின் எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேசலாம். சல்யூட் இல்லை, நட்சத்திரம் இல்லை. இதில் பாதி உண்மை. மறுபாதி நாட்டுக்குக் கேடு என்று நெடுங்காலமாக நினைத்துவருகிறேன்.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மேலிடத்து விருப்பத்துக்கு மறுப்பே கூடாது என்றால் என்ன ஆகும் என்பதற்கு 1962 சீனப் போர் சாட்சி. தக்லா முகட்டிலிருந்து சீனர்களை விரட்டும் திட்டத்தை எதிர்த்த லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங்கிடமிருந்து வடகிழக்கு எல்லைப் பகுதியான நேஃபாவின் பொறுப்பைப் பறித்து, போர்க்களத்தில் படை நடத்திய அனுபவம் இல்லாத பி. எம். கவுலிடம் கொடுத்தார்கள். நாம்கா சூ ஆற்றங்கரையில் பிரிகேடியர் தால்வியின் படைப்பிரிவு சிதைந்தது. அவரும் சீனர்களிடம் சிறைப்பட்டார்.

ஆனால் ராணுவத்தில் பதவி கண்ணுக்குத் தெரிவதால், அது எப்படி வந்தது என்று கேட்கவும் முடிகிறது. லெப்டினன்ட் கர்னல் வரை சர்வீஸ் ஆண்டுகள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதற்கு மேல் தேர்வுக் குழு. குழுவின் முன் வைக்கும் விவரத்தாளில் அதிகாரியின் பெயர் இருக்காது. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கர்னலுக்கு 54 வயதில் ஓய்வு, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60. கொடுமையான வடிகட்டல்தான். ஆனால் வீரர்களின் உயிரை யார் கையில் ஒப்படைப்பது என்ற கேள்வி முன்னால் நிற்கும்போது, இரண்டு பேரை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

வெளியுறவுப் பணி அந்த ஒப்பீட்டைத்தான் தவிர்க்கிறது. தோளில் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் ஓர் ஆண்டு பதிந்திருக்கிறது. 'நீங்கள் எந்த பேட்ச்?' இருபதுகளில் எழுதிய ஒரு தேர்வு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் யாருக்கு எந்தத் தலைநகரம் என்பதில் குறுக்கிடுகிறது. பெயரளவில் தேர்வுக் குழு உண்டு. ஆயினும் பெரும்பாலோர் இணைச் செயலர் நிலையை எட்டிவிடுகிறார்கள். மறுத்துப் பேசிய மூன்றாம் செயலரின் கருத்து பாராட்டப்படும். அந்நாட்டு மொழி தெரிந்தவர் அவர் ஒருவரே என்றாலும், முடிவெடுக்கும் இடம் வரிசைப்படிதான் வரும்.

இதன் வேர் தூதரக மரபிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. 1661இல் லண்டனில் யாருடைய வண்டி முன்னே போவது என்று ஸ்பெயின், பிரான்ஸ் தூதர்களின் ஆட்கள் நடுத்தெருவில் மோதிக்கொண்டு உயிர்விட்டார்கள். இப்படிப்பட்ட சண்டைகளுக்கு 1815 வியன்னா மாநாடு ஒரு வழி கண்டது: ஒரே வகுப்புத் தூதர்களில் முந்திப் பொறுப்பேற்றவரே முன்வரிசை. 1961 வியன்னா உடன்படிக்கையும் இதைத் தொடர்கிறது. எந்த நாடு பெரிது என்று யாரும் அளக்க வேண்டியதில்லை, தேதி போதும். நாடுகளுக்கிடையே இதைவிட நாகரிகமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. நாடுகளை அளக்கக் கூடாது. ஆட்களை அளந்தே தீரவேண்டும். அங்கேயும் தேதியைக் காட்டி ஒதுங்கிக்கொள்வதை நாகரிகம் என்று சொல்ல மாட்டேன், பொறுப்பைக் கைகழுவுவது என்பேன்.

2006இல் சிவசங்கர் மேனன் தம்மைவிட மூத்த பலரைத் தாண்டி வெளியுறவுச் செயலர் ஆனார். பெய்ஜிங்கில் தூதராகவும் இஸ்லாமாபாத்தில் உயர் ஆணையராகவும் இருந்தவர். சீன மொழி அறிந்தவர். அவர் பணியாற்றிய இரண்டும் இந்தியாவுக்கு மிகக் கடினமான அண்டை நாடுகள். அப்போது எழுந்த குமுறலோ பேட்சைப் பற்றியது.

ராணுவத்திலும் குமுறல் இல்லையா என்பார்கள். இருந்தது. 1983இல் வைத்யா தலைமைத் தளபதி ஆனபோது, தாண்டப்பட்ட எஸ். கே. சின்ஹா பதவி விலகினார். 2016இல் பிபின் ராவத் நியமனத்திலும் சர்ச்சை எழுந்தது. ஆனால் அவை பலமுறை சலித்தெடுத்த சிலருக்குள் நடந்த போட்டிகள். அங்கே தேதி கடைசியில் வருகிறது, இங்கே முதலிலேயே வந்து நிற்கிறது.

வெளியுறவுப் பணியிலும் இணைச் செயலர் நிலைக்கு முன்பே, பெயர் மறைத்த கோப்புகளோடு ஒரு குழு உட்காரட்டும். மொழித் திறன் என்ன, தலைநகருக்கு அனுப்பிய கணிப்புகளில் எவை பின்னர் மெய்யாயின என்று பார்க்கட்டும். தேறாதவர்கள் அந்த நிலையிலேயே மரியாதையோடு ஓய்வு பெறலாம். தேறியவர் பேட்சில் இளையவர் என்றால், மூத்தவர் அவருக்குக் கீழே பணியாற்றப் பழக வேண்டும்.