சுவரொட்டியும் சட்டகமும்

பாப் ஓவியம் அமெரிக்காவில் பிறந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பிறந்த ஊர் லண்டன். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் 1954 வரை ரேஷன் நீடித்த நாட்டில், ‘இண்டிபெண்டன்ட் குரூப்’ கலைஞர்கள் அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களை ஏக்கத்தோடும் சந்தேகத்தோடும் வெட்டி ஒட்டினார்கள். அவர்களில் ரிச்சர்ட் ஹாமில்டன் 1957இல் எழுதிய கடிதமொன்றில் இந்தக் கலைக்கு இலக்கணமே வகுத்துவிட்டார்: மலிவானது, பெருவாரியாக உற்பத்தியாவது, இளமையானது, பயன்படுத்தியதும் எறியப்படுவது, பெரும் வணிகம்.

நியூயார்க்கின் பாப் கலைஞர்கள் அந்த வணிகத்துக்குள்ளேயே வேலை பார்த்தவர்கள். ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் விளம்பரப் பலகை வரைந்தார். ஆண்டி வார்ஹோல் காலணி விளம்பரங்களுக்குப் படம் போட்டார். 1962இல் வார்ஹோல் 32 சூப் டப்பாக்களை வரைந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே ஆண்டு மர்லின் மன்றோ இறந்தபின் அவர் செய்த இரட்டைப் படத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஒரே விளம்பரப் புகைப்படம் 50 முறை வருகிறது. இடப்பக்கம் பளீரென்ற வண்ணம்; வலப்பக்கம் கறுப்பு மை அப்பியும் மங்கியும் முகம் அழிந்துபோகிறது. ஒரு பெண்ணின் முகத்தை ஊரெல்லாம் அச்சடித்துத் தீர்த்த ஒரு தொழிலைப் பற்றி இதைவிடக் கடுமையாக யாரும் எழுதிவிடவில்லை.

ராய் லிக்டன்ஸ்டைன் மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. காமிக்ஸின் அச்சுப் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டிய திறமையை மறுக்கவில்லை. ஆனால் 1963இன் ‘வாம்!’ ஓவியத்துக்கு மூலமான போர்விமானச் சித்திரத்தை வரைந்தவர் ஏர்வ் நோவிக் என்பதை அதைப் பார்த்து வியப்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? வெகுஜனப் படத்தை எடுத்தாளும் கலைக்கு நான் வைக்கும் முதல் அளவுகோல் இதுதான்: அந்தப் படத்தைச் செய்த கையை அது மதிக்கிறதா?

இந்த அளவுகோலில் நிமிர்ந்து நிற்பவர் பரோடாவின் பூபேன் கக்கர். தொழிலால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். 1960களில் கடைத்தெருச் சாமி படங்களை வெட்டி ஒட்டத் தொடங்கியவர், 1972 வாக்கில் கடிகாரம் பழுதுபார்ப்பவர், தையற்காரர், முடிதிருத்துபவர் என்று தன் ஊர்க்காரர்களை வரைந்தார். கடைப்பலகை வரைபவரின் நேர்த்தியையும் அப்பட்டமான வண்ணத்தையும் அவர் கேலிக்காக எடுக்கவில்லை. அவற்றைத் தன் மொழியாகவே ஏற்றுக்கொண்டார். சிறுகடைக்காரரின் தனிமை அந்தப் பளபளப்புக்குள்ளிருந்தே வெளிப்படுகிறது.

அந்தக் கடைத்தெருப் படங்களில் நமக்கும் பங்குண்டு. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் காலண்டர்களாகி நாடெங்கும் போயின. ஓவிய வரலாற்றில் இவர்களைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும், அடிக்குறிப்பு போதாது.

இம்மரபின் பின்வந்த கிளையில் பெங்களூரின் புஷ்பமாலா முக்கியமானவர். 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னியுடன் செய்த புகைப்படத் தொடரில், ரவி வர்மாவின் லட்சுமியாகவும், சாட்டை ஏந்திய ஜெயலலிதாவின் பழைய திரைப்பட ஸ்டில்லாகவும் அவரே வேடமிட்டு நிற்கிறார். மற்றவர்கள் படத்தை எடுத்து வெட்டினார்கள், பெருக்கினார்கள். இவர் அதற்குள் தன் உடலையே நிறுத்துகிறார். தென்னிந்தியப் பெண் எப்படித் தோன்ற வேண்டும் என்று ஓவியமும் சினிமாவும் வகுத்த அச்சுகள், ஒரு பெண் அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து வெளிவரும்போதுதான் அச்சுகளாகத் தெரிகின்றன.