கரும்புத் தோட்டப் பாட்டின் உட்பொருள்

பாரதியாரின் பாடல்களுள் இருள் செறிந்தவற்றைத் தொகுப்போமாயின், பிஜித் தீவில் துன்புற்ற பெண்களைப் பற்றிய கரும்புத் தோட்டப் பாட்டு அவற்றுள் முன்னிற்கும். வகுப்பறைகளில் இதனை அவலச் சுவைக்கு எடுத்துக்காட்டாகக் கூறிப் பெருமூச்செறிந்து, அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுவதுண்டு. அஃது அப்பாட்டின் பாதிப் பொருளே. மறுபாதி சினம், கேட்போரையும் சுடும் சினம்.

பாட்டின் பின்னணியை முதலில் அறிதல் வேண்டும். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்பேரில் பிஜிக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 100 ஆடவருக்கு 40 பெண்டிர் என்பது அன்றைய விதி. அந்தச் சிறுதொகையும், மேற்பார்வையாளரின் கட்டற்ற அதிகாரமும் பெண்களின் மானத்திற்கே ஊறு விளைத்தன. ஆண்ட்ரூசும் பியர்சனும் 1916இல் வெளியிட்ட அறிக்கை இக்கொடுமைகளை உலகறியச் செய்தது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920இன் தொடக்கத்தில் நீக்கப்பட்டன.

இனிப் பாட்டினுள் புகுவோம். கவிஞர் அத்தீவுக்குக் 'கண்ணற்ற' என்னும் அடையைத் தருகிறார். ஆளற்ற தீவு என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் பொருந்தாது. அங்கே பழங்குடி மக்கள் இருந்தனர், துரைமாரும் இருந்தனர். கண் என்பது ஈண்டுக் கண்ணோட்டம். வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துப் போற்றிய அவ்வருட்பண்பு அங்கே இல்லை என்பதே கருத்து. பெண்களின் கண்ணீரைச் சொல்லும் இடத்திலேயே தீவுக்குக் கண்ணில்லை என்றதன் நயம் உணரத்தக்கது. அழுவதற்குக் கண் உண்டு. இரங்குவதற்குக் கண் இல்லை.

அடுத்து, பாட்டு யாரை விளிக்கிறது என்பது நோக்கத்தக்கது. முதலில் தெய்வம்; பின்னர்க் காற்று; இறுதியில் காளி. பாரதியார் பிஜிக்குச் சென்றவரல்லர். ஆகவே அழுகுரலைக் கேட்ட சாட்சியாகக் காற்றை அழைக்கிறார். அப்பெண்கள் விம்மி அழவும் வலியிழந்துவிட்டனர் என்று உடனே கூறுவதால், அவர்களுக்காகப் பேசும் கடமை கேட்டவருக்கு உரியதாகிறது. அவ்விடத்தில் வரும் 'துன்பக்கேணி' என்னும் தொடரையே, இலங்கைத் தேயிலைத் தோட்டக் கதைக்குப் புதுமைப்பித்தன் தலைப்பாக்கினார்.

காளியை அழைத்து முடிப்பது கையறுநிலை என்பாரும் உளர். அது பொருந்துமா? ருஷியப் புரட்சியைப் பாடியபோது, பராசக்தியின் கடைக்கண் பார்வையால் ஜார் வீழ்ந்தான் என்றவர் பாரதியார். அவர் காட்டும் காளி ஆறுதல் தெய்வமல்லள். கொடுங்கோலை வீழ்த்தும் ஆற்றல். கண்ணற்ற தீவின்மேல் அக்கண் திரும்ப வேண்டும் என்பதே வேண்டுகோள்.

எல்லாவற்றினும் கூரியது இறுதிப் பகுதியில் வரும் 'வழக்கம்' என்னும் சொல். அப்பெண்கள் மடிவதை விதி என்று அவர் கூறவில்லை, வழக்கம் என்கிறார். மரணம் நாள்தோறும் நிகழும் நடைமுறையாகிவிட்டது என்னும் கொடுமை அச்சொல்லில் அடங்கியுள்ளது. விதியாயின் அழுது ஓயலாம். வழக்கம் மனிதர் வகுத்தது, மனிதரால் ஒழிக்கத்தக்கது. ஆதலின் அதனை இக்கணமே நிறுத்த வேண்டாவா என்னும் வினா எழுகிறது.

இப்பாட்டு மலாயாத் தமிழருக்கு அயலாரின் கதையன்று. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களிலும் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். இங்கே அம்முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. ஆகவே இப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், இதன் சுவை யாது என்று கேட்டு நிறுத்துதல் போதாது. இதிலுள்ள வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர் யார் என்றும் மாணவரைக் கேட்டல் வேண்டும். அவ்வினாவை விடுத்துக் கண்ணீரை மட்டும் கற்பிப்பது, பாட்டைக் கற்பித்ததாகாது.