சுமந்தவன் சொல்லாத கதை

மலையேற்றத்தைப் பற்றிய புஸ்தகங்களை விரும்பிப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் மலை ஏறாதவர்கள். நானும் அவர்களில் ஒருவன். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருக்க, எங்கோ ஒருவனுடைய கால் விரல்கள் பனியில் கறுத்துப்போவதைப் படிப்பதில் அப்படி என்ன சுகம் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. சுகம் இருக்கிறது, அவ்வளவுதான். நாவலில் சாகிறவனை ஆசிரியன் சாகடிக்கிறான். இந்தப் புஸ்தகங்களில் சாகிறவன் நிஜமாகவே செத்துப்போனவன். ஆகையால் நாவலைப் படிப்பதைவிடச் சற்றுக் கூடுதலான ஜாக்கிரதையுடன் இவற்றைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் சொல்கிறான், எங்கே நின்றுகொண்டு சொல்கிறான், பேசாமல் போனவன் யார் என்று அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் எவரெஸ்டுக்குப் போனவர்கள் தேர்ந்த மலையேறிகள். அவரவர் தேசத்துக் கொடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1985-ல் அமெரிக்கப் பணக்காரரான டிக் பாஸ், டேவிட் பிரீஷியர்ஸ் என்ற கைதேர்ந்த மலையேறியைத் துணையாகக் கொண்டு சிகரத்தைத் தொட்டார். அதன் பிறகு, தேர்ந்தவனாக இருக்க வேண்டியதில்லை, பணம் இருந்தால் போதும் என்ற எண்ணம் உலகத்தில் பரவிவிட்டது. பத்து வருஷத்துக்குள் அது ஒரு வியாபாரமாயிற்று. பணம் கட்டுகிறவன் வாடிக்கைக்காரன். அழைத்துப் போகிறவன் வழிகாட்டி. இருவருக்கும் முன்னால் போய்க் கயிறு கட்டி, கூடாரம் அடித்து, பிராணவாயுக் குப்பிகளைச் சுமந்து வைக்கிறவன் ஷெர்பா. இந்த ஏற்பாட்டை அறிந்துகொள்ள மிகச் சிறந்த புஸ்தகம் எது என்று கேட்டால், ஜான் க்ராகவர் 1997-ல் வெளியிட்ட ‘இன்டு தின் ஏர்’ என்றுதான் நான் சொல்லுவேன்.

க்ராகவர் பத்திரிகைக்காரர். இளமையில் மலை ஏறிப் பழகியவர். இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதுவதற்காக ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவரை 1996-ல் அனுப்பியது. நியூஸீலாந்துக்காரரான ராப் ஹால் நடத்திய குழுவில் வாடிக்கைக்காரராகச் சேர்ந்தார். தலைக்கு 65,000 டாலர் கட்டணம். மே 10-ம் தேதி சிகரத்தைத் தொட்டார். இறங்குகிற வேளையில் புயல் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு நாட்களில் மலையின் இரு பக்கங்களிலும் சேர்த்து எட்டுப் பேர் இறந்தார்கள். தலைவர் ராப் ஹால் ஒருவர்; போட்டிக் குழுவின் தலைவரான ஸ்காட் ஃபிஷர் ஒருவர். வடக்குப் பக்கத்தில் இறந்த மூவர் நம் தேசத்து இந்தோ-திபெத்திய எல்லைப் போலீஸ் படையினர்.

கதையின் மையத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. பகல் இரண்டு மணிக்குள் சிகரத்தை எட்டாவிட்டால், அது பத்தடி தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை வாடிக்கைக்காரர்களுக்குப் போதித்தவர் ஹால். டக் ஹான்ஸன் என்ற தபால் இலாகா ஊழியர் முந்தைய வருஷம் உச்சிக்குக் கிட்டத்தில் வந்து, ஹாலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியவர். இராவேளையில் தபால் வேலையும் பகலில் கட்டட வேலையும் செய்து பணம் சேர்த்தவர். ஹாலே அவரைக் கூப்பிட்டு, கட்டணத்தைக் குறைத்து, மறுபடி வரச் சொன்னார். அன்று ஹான்ஸன் உச்சியை அடையும்போது மணி நான்காகிவிட்டது. ஹால் அங்கேயே அவருக்காகக் காத்திருந்தார். இருவருமே திரும்பவில்லை. இத்தனை மணி நேரம் ஹால் ஏன் காத்திருந்தார் என்று க்ராகவர் தீர்ப்புச் சொல்லுவதில்லை. தபால்காரரின் ஆசையையும் தலைவரின் தாட்சண்யத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஒரு நல்ல நாவலாசிரியன் செய்கிற காரியம் இது.

இதைவிட என்னைப் பாதித்த இடம் வேறொன்று. அன்று மாலை புயலில் இறங்கிவரும்போது, முகாமுக்குச் சற்று மேலே, தம் குழுவின் வழிகாட்டிகளில் ஒருவரான ஆண்டி ஹாரிஸைச் சந்தித்ததாகவும், அவரோடு பேசியதாகவும், அவர் முகாமை நோக்கிப் போனதைக் கண்ணால் கண்டதாகவும் க்ராகவர் எல்லாரிடமும் சொன்னார். ஹாரிஸ் முகாமில் இல்லை. ஆகவே முகாமின் ஓரத்தில் வழி தவறி விழுந்து இறந்திருப்பார் என்று முடிவாயிற்று. பிறகுதான் தெரியவந்தது, க்ராகவர் பார்த்தது ஹாரிஸை அல்ல, வேறொரு குழுவைச் சேர்ந்த ஆள் என்பது. ஹாரிஸோ அந்த நேரத்தில், ஹாலுக்கு உதவுவதற்காக மேலே ஏறிக்கொண்டிருந்தார். பிராணவாயுக் குறைவில் மூளை மயங்கி, கண்ணால் கண்டதே பொய்யாகிவிட்டது. இதைப் புஸ்தகத்தில் தாமே எழுதுகிறார் க்ராகவர், ஒளிக்காமல், சமாதானம் தேடாமல். ‘என்னை நம்பாதே’ என்று வாசகனிடம் சொல்லுகிற கதாசிரியனை நாம் மேலும் நம்புகிறோம். புஸ்தகத்தின் பலம் இங்கே இருக்கிறது.

ஃபிஷரின் வழிகாட்டியான ருஷ்யர் அனடோலி புக்ரேயெவ், பிராணவாயு உபயோகிக்காமல் ஏறி, வாடிக்கைக்காரர்களுக்கு முன்னதாகவே இறங்கிவிட்டார் என்று க்ராகவர் குறை சொல்லுகிறார். அதே புக்ரேயெவ் அன்றிரவு தன்னந்தனியாகப் புயலுக்குள் போய் மூன்று பேரைக் காப்பாற்றினார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. புக்ரேயெவ் இதற்குப் பதிலாக, ஓர் அமெரிக்க எழுத்தாளரின் துணையோடு, ‘தி க்ளைம்ப்’ என்ற புஸ்தகத்தை அதே 1997-ல் வெளியிட்டார். அவ்வருஷக் கிறிஸ்துமஸ் தினத்தன்று அன்னபூர்ணாவில் பனிச்சரிவில் மாண்டார். இரண்டில் எது சரி என்று மலையேறிகள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. குறை சொல்லப்பட்டவருக்குப் பதில் சொல்ல ஒரு புஸ்தகம் கிடைத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் குறை சொல்லப்பட்டவர் இன்னொருவரும் உண்டு. ஃபிஷரின் ஷெர்பாத் தலைவர் லோப்ஸாங் ஜங்பு. இருபதுகளில் இருந்த இளைஞர், பலசாலி. சிகரம் ஏறும் நாளில் முன்னால் போய்க் கயிறு கட்ட வேண்டியவர், பணக்கார வாடிக்கைக்காரி ஒருத்தியைத் தம் இடுப்புக் கயிற்றில் பிணைத்து இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். கயிறு கட்டப்படாமல் கூட்டம் தேங்கி நேரம் வீணாயிற்று என்பது குற்றச்சாட்டு. ஃபிஷர் நடக்க முடியாமல் உட்கார்ந்தபோது, கடைசி வரையில் அவர் பக்கத்தை விட்டு அகலாமல் இருக்கப் பார்த்தவரும் இதே லோப்ஸாங்தான். க்ராகவர் இரண்டையும் சொல்லுகிறார். ஆனால் புஸ்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1996 செப்டம்பரில், அதே மலையில் பனிச்சரிவில் லோப்ஸாங் இறந்துவிட்டார். அவர் பெயரில் புஸ்தகம் கிடையாது. அவர் ஏன் அப்படிச் செய்தார், யார் சொல்லிச் செய்தார், அந்தக் கயிறு இடுப்பில் எப்படி வலித்தது என்றெல்லாம் உள்ளிருந்து நமக்குச் சொல்ல ஆளில்லை.

இந்த மௌனத்துக்குக் காரணம் என்ன? ஷெர்பாக்களுக்கு எழுத்துப் பழக்கம் குறைவு, ஆங்கிலம் போதாது என்பார்கள். அது ஒரு காரணம்தான். அதைவிட ஆழமான காரணத்தை க்ராகவரின் புஸ்தகமே, தான் அறியாமல், ஒரு சிறு அத்தியாயத்தில் காட்டிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

லோப்ஸாங்கின் மாமன் உறவான நவாங் தோப்சே என்ற ஷெர்பா ஃபிஷரின் குழுவுக்குச் சுமை தூக்கினார். ஏப்ரல் மாதம், இரண்டாவது முகாமுக்கு மேலே, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் உயர்மலை நோய் அவரைப் பிடித்தது. கீழே போ என்று சொல்லியும் அவர் போகவில்லை. தமக்கு அந்த நோய் இல்லையென்றே சாதித்தார். மலையில் நோய் கண்ட ஷெர்பாவை அடுத்த வருஷம் எந்தக் குழுவும் எடுத்துக்கொள்ளாது என்ற பயம். மூச்சு முட்டி, நினைவு தடுமாறி, கடைசியில் ஜூன் மாதத்தில் காத்மாண்டுவில் இறந்தார். அதே குழுவில் வாடிக்கைக்காரராக வந்த பல் வைத்தியர் ஒருவருக்கும் மலைநோய் கண்டது. குழுத் தலைவரான ஃபிஷரே, சிகரம் ஏறுவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, அவரைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துவந்து விட்டுவிட்டுத் திரும்ப ஏறினார்.

இந்த இரண்டு நோயாளிகளையும் சேர்த்துப் பார்க்கிறபோது எனக்கு விஷயம் விளங்குகிறது. மலையேற்றப் புஸ்தகம் என்பது என்ன? தலைவலி, வாந்தி, தூக்கமின்மை, இருமி இருமி விலா எலும்பு நோவது, பயம், அழுகை, வீட்டு ஞாபகம் — இவற்றின் விஸ்தாரமான வர்ணனைதான். பணம் கட்டியவன் தன் பலவீனத்தைச் சொல்லலாம். சொல்லச் சொல்ல அவன் வீரம் பெரிதாகிறது, புஸ்தகமும் விற்கிறது. கூலிக்குச் சுமப்பவன் ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்று சொன்னால் பிழைப்புப் போய்விடும். ஆகவே அவன் சிரித்துக்கொண்டு டீ கொண்டுவருகிறான். ‘எப்போதும் சிரித்த முகம்’ என்று எல்லாப் புஸ்தகங்களிலும் ஷெர்பாவைப் பற்றி எழுதியிருக்கிறதே, அந்தச் சிரிப்பில் எவ்வளவு பங்கு சுபாவம், எவ்வளவு பங்கு உத்தியோகம் என்று எழுதியவர்கள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

டென்சிங்கின் சரித்திரம் இதற்கு விதிவிலக்கு என்று சொல்லலாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜேம்ஸ் ராம்ஸே உல்மன் என்ற அமெரிக்கரிடம் தம் கதையைச் சொன்னார். 1955-ல் அது புஸ்தகமாக வந்தது. நடை உல்மனுடையது, ஆனால் குரல் பல இடங்களில் டென்சிங்குடையதாகவே கேட்கிறது. 1953-ல் காத்மாண்டுவில் வெள்ளைக்காரர்களுக்கு அறைகளும், ஷெர்பாக்களுக்கு முன்பு குதிரை லாயமாக இருந்த ஒரு மோட்டார்க் கொட்டகையும் தங்குவதற்குக் கொடுத்த சமாசாரம் அதில் வருகிறது. அவமானத்தை ஷெர்பா வாய்விட்டுச் சொல்லுகிற அபூர்வமான இடம். உச்சியில் முதலில் கால் வைத்தது யார் என்ற கேள்விக்கும், ஹில்லரிதான் ஓர் அடி முந்தினார் என்று அந்தப் புஸ்தகத்திலேயே விடை சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்தால் நம் தேசத்திலும் நேபாளத்திலும் கைதட்டல் கிடைத்துக்கொண்டே இருந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகப் புகழ் வந்த பிறகுதான் டென்சிங்குக்கு இப்படிப் பேச முடிந்தது. இனி அவரை வேலைக்கு வேண்டாமென்று தள்ள யாராலும் ஆகாது. நவாங் தோப்சேக்கு அந்த வசதி இல்லை.

சுமந்தவர்களைப் பற்றி மனசாட்சியோடு எழுதிய மலையேறி இல்லவே இல்லையா? ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் நமக்கு அந்நியரும் அல்ல. 1922-ல் எவரெஸ்டின் வடக்குச் சரிவில் மல்லோரியும் மற்ற இரு ஆங்கிலேயர்களும் சுமையாட்களை அழைத்துக்கொண்டு ஏறுகையில் பனி சரிந்தது. சுமையாட்கள் ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். ஆங்கிலேயர் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மூவரில் ஒருவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். தங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்று தாம் பட்ட வெட்கத்தை, 1936-ல் வந்த ‘ஆஃப்டர் எவரெஸ்ட்’ என்ற புஸ்தகத்தில் எழுதினார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற நெய்யூரின் மிஷன் ஆஸ்பத்திரியில், நோயாளிக் கூட்டத்துக்கு நடுவே ஒரே டாக்டர் திண்டாடுவதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் வேலை பார்த்தார். அந்த ஏழு சாவுகள்தாம் அவரை நெய்யூருக்குக் கொண்டுவந்தன என்று நான் கதை கட்ட மாட்டேன். புஸ்தகத்தின் தலைப்பை மட்டும் கவனிக்கச் சொல்லுவேன். எவரெஸ்ட் அவருடைய கதையின் முடிவாக இல்லை. அதற்குப் பிறகு என்ன என்பதைச் சொல்லத்தான் அவர் பேனாவை எடுத்தார்.

1922-க்குப் பிறகு காலம் மாறிவிட்டது என்று நினைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. 2014 ஏப்ரல் 18-ம் தேதி காலையில் கும்பு பனியருவியின் மேல் ஒரு பெரும் பனிக்கட்டி உடைந்து விழுந்தது. இறந்த பதினாறு பேரும் நேபாளத்துத் தொழிலாளிகள். வாடிக்கைக்காரர்கள் மேலே போய்த் தங்குவதற்கு வேண்டிய சாமான்களைச் சுமந்துகொண்டிருந்தவர்கள். வாடிக்கைக்காரன் அந்த அருவியைச் சில தடவைதான் கடக்கிறான். சுமக்கிறவன் பல தடவை கடந்தாக வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் தருவதாக நேபாள சர்க்கார் முதலில் அறிவித்தது. ஷெர்பாக்கள் அந்த வருஷம் மேற்கொண்டு ஏற மறுத்துவிட்டார்கள். ‘முடியாது’ என்று அவர்கள் ஒன்றாகச் சொன்னது அப்போதுதான் உலகத்தின் காதில் விழுந்தது. அதைக் கேட்டுப் பல பேருக்கு ஆச்சரியம். நூறு வருஷமாகச் சிரித்த முகத்தையே படித்துப் பழகியவர்கள் ஆச்சரியப்படாமல் என்ன செய்வார்கள்?

க்ராகவரின் புஸ்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் படிக்க வேண்டும். தன் கண்ணையே சந்தேகிக்கிற நேர்மை அதில் இருக்கிறது. நவாங் தோப்சேயின் பெயரையும் மரணத்தையும் மறக்காமல் எழுதிய மனிதத்தன்மையும் இருக்கிறது. ஆனால் அந்த நேர்மைக்கு ஓர் எல்லை உண்டு. அவர் கட்டிப் பிடித்து ஏறிய கயிற்றின் மறு நுனியில் நின்றவன் மனசுக்குள் அவரால் போக முடியவில்லை. போனதாகப் பாசாங்கும் செய்யவில்லை என்பதற்காக அவரைப் பாராட்டலாம். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தலைவலியை மறைத்துக்கொண்டு மூட்டை தூக்கிய ஒருவன், வேலை போய்விடுமே என்ற பயம் இல்லாமல் உட்கார்ந்து எழுதுகிற புஸ்தகம் வரும்போது, எவரெஸ்டைப் பற்றி நாம் இதுவரை படித்ததெல்லாம் பாதிக் கதை என்பது தெரியவரும். அதைப் படிக்கும்போதும் சாய்வு நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு சுகமாக இருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.