காணாமல் போதலும் காணாமல் ஆக்கப்படுதலும்: பெங்களூரு 1976ஐ முன்வைத்துச் சான்றெழுத்து குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தேடும் தாய் தமிழ் இலக்கியத்திற்குப் புதியவள் அல்லள். உடன்போக்கில் சென்ற மகளைத் தேடித் தாயர் சேரிக்கும் சுரத்திற்கும் தாமே செல்வதுண்டு எனத் தொல்காப்பிய அகத்திணையியல் கூறும். குறுந்தொகை 44ஆம் பாடலில் வெள்ளிவீதியார் படைத்த செவிலியும், கலித்தொகை 9ஆம் பாடலில் முக்கோற் பகவரை வினவும் செவிலியும் இம்மரபினர். பகவர் செவிலியின் வினாவிற்கு மறுமொழி தருகின்றனர். அவளுடைய துயரத்தை அம்மறுமொழி தீர்ப்பதில்லை. எனினும் மகளைக் கண்டதை அவர்கள் மறைப்பதில்லை.

அரசின் காவலர் ஒருவரைப் பிடித்துச் சென்றபின், அவர் தம்மிடம் இல்லை என்று மறுக்கும் நிலையில் தேடுபவருக்கு இம்மறுமொழியும் இல்லையாகிறது. இம்மறுப்பை எதிர்த்துக் குடும்பத்தாரும் மனித உரிமை இயக்கத்தாரும் எழுதிய எழுத்தை எவ்வாறு வாசிப்பது என்பதை, 1976ஆம் ஆண்டுப் பெங்களூரு நிகழ்வை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் அதன் இலக்கணமும்

2006 டிசம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்று, 2010 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை இக்குற்றத்தை வரையறுக்கிறது. அரசின் முகவர்களோ, அரசின் ஆதரவு அல்லது இசைவு பெற்றோரோ ஒருவரின் சுதந்திரத்தைப் பறித்தலும், பின்னர் அதனை ஒப்புக்கொள்ள மறுத்தலோ அவருடைய கதியை மறைத்தலோ ஆகிய செயலும் சேர்ந்தே இக்குற்றமாகும். இதற்குக் குறைந்தபட்சக் கால அளவு எதனையும் வரையறை விதிக்கவில்லை. இந்தியா 2007இல் இவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட்டது. ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை.

இக்குற்றத்தைத் தமிழில் எப்பெயரால் குறிப்பது என்பது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப்பெயர் ‘காணாமற்போன ஆட்கள்’ என்னும் தொடரைக் கொண்டுள்ளது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மாரோ தம் பிள்ளைகளை ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே குறிப்பிட்டனர். முதல் தொடரில் போனவரே எழுவாய். செய்தவர்க்கு அங்கு இடமில்லை. இரண்டாவது தொடரில் ‘ஆக்கு’ என்னும் பிறவினையின் செயப்பாட்டு வடிவம் வினைமுதல் ஒருவர் உண்டு என்பதை உணர்த்துகிறது. ‘அடித்துக் கொல்லப்பட்டான்’ என்னும்போது அடித்தவனும் கொன்றவனும் ஒருவனே என்பது போல, இங்கும் ‘வலிந்து’ என்னும் எச்சம் ஆக்கியவரின் செயலையே சுட்டும். அவர் பெயர் சொல்லப்படவில்லை. ஆயினும் அவர் இருப்பு தொடரிலிருந்து நீங்குவதில்லை. அன்னையர் போராட்டத்தின் கோரிக்கை முழுவதும் இவ்விலக்கணத்தில் அடங்கியுள்ளது எனலாம்.

பெங்களூரு: கடிதமும் நாட்குறிப்பும்

நெருக்கடி நிலையின்போது 1976 மே 1 அன்று, தலைமறைவாக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டசைத் தேடிவந்த போலீசார், அவருடைய தம்பி லாரன்சைப் பெங்களூரு இல்லத்திலிருந்து அழைத்துச் சென்றனர். அவர் எங்கே வைக்கப்பட்டார் என்பது நாள்கணக்கில் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்படவில்லை. மீண்டும் அவரைக் கண்டபோது, சித்திரவதையால் அவர் உடல் குலைந்திருந்தது. தாயார் ஆலிஸ் பெர்னாண்டஸ் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்.

இக்கடிதத்தின் இலக்கிய வடிவத்தை அறிய, லாரன்ஸ் பிடிக்கப்பட்டதற்கு மூன்று நாள் முந்தைய நிகழ்வை நோக்குதல் வேண்டும். கர்நாடக உயர் நீதிமன்றம் உட்படப் பல உயர் நீதிமன்றங்கள் கைதிகளின் மனுக்களை விசாரிக்கத்தக்கவை என ஏற்றிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் அதனை மறுத்தது. நெருக்கடி நிலையின்போது சட்டவிரோதக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு தொடுக்க இயலாது என நால்வர் தீர்ப்பளித்தனர். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். ‘ஆளைக் கொணர்க’ என்று நீதிமன்றத்தில் கேட்கும் வழி அடைபட்ட நிலையிலேயே தாயின் கடிதம் எழுதப்படுகிறது. ஆதலின் அதனை உருக்கமான வேண்டுகோளாக மட்டும் வாசித்தல் பொருந்தாது. மகன் எப்போது கொண்டு செல்லப்பட்டான், என்ன நேர்ந்தது, எந்நிலையில் காணப்பட்டான் என நிரல்படக் கூறும் அக்கடிதம், தடுக்கப்பட்ட மனுவின் பணியைத் தானே ஏற்கிறது. ஒப்பாரியில் காலம் உறைந்து நிற்கும். இக்கடிதத்திலோ காலமே சான்று.

லாரன்ஸ் பிடிக்கப்பட்டதற்கு மறுநாள், ‘சம்ஸ்காரா’ திரைப்படத்தில் நடித்த சினேகலதா ரெட்டி கைதானார். அவர் பெங்களூரு மத்தியச் சிறையில் வைக்கப்பட்டார். ஆஸ்துமா நோய் முற்றிய நிலையில் 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விடப்பட்ட அவர், ஐந்து நாள்களில் மறைந்தார். அவருடைய சிறைக் குறிப்புகளைக் கர்நாடக மனித உரிமைக் குழு 1977இல் வெளியிட்டது. அவர் காணாமல் ஆக்கப்பட்டவர் அல்லர். அவருடைய காவலை அரசு மறுக்கவில்லை. இவ்வேறுபாட்டை மழுப்பலாகாது. எனினும், தம் துன்பத்தோடு நில்லாது உடனிருந்த பெண் கைதிகளின் நிலையையும் அவர் பதிவு செய்தமை அக்குறிப்புகளைத் தன்வரலாற்றின் எல்லைக்கு அப்பால் கொண்டு செல்கிறது. கடிதம் ஒருவருக்காகப் பேசுகிறது. நாட்குறிப்பு எழுத வாய்ப்பற்ற பலருக்காகப் பேசுகிறது.

மனுவும் நினைவுக்குறிப்பும்

ஆட்கொணர்வு மனுவின் வழி மீண்டும் திறந்தபோது நிகழ்ந்ததைக் கேரளத்தின் ராஜன் வழக்கு காட்டுகிறது. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீசார் பிடித்துச் சென்றனர். அவர் கக்கயம் முகாமில் சித்திரவதை செய்யப்பட்டார். 1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை நீங்கியதும் தந்தை ஈச்சர வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். ராஜன் தங்கள் காவலில் இருந்ததே இல்லை என்ற அரசுத் தரப்பின் மறுப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. இவ்வழக்கின் விளைவாக முதலமைச்சர் கருணாகரன் 1977 ஏப்ரலில் பதவி விலகினார். ராஜனின் உடல் இறுதிவரை கிடைக்கவில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின் வாரியர் மலையாளத்தில் எழுதிய நினைவுக்குறிப்பு, நீதிமன்றம் கேட்க இயலாததைக் கூறுகிறது: அடைக்கப்படாத கதவு, மழை, மகனுக்காகக் காத்திருந்த தாய். இதனை வாசிப்போர் மழையையும் கதவையுமே மனத்திற்கொள்வது இயல்பு. ஆனால் அந்நூலில் முகாமும் அலுவலகங்களும் வாயில்தோறும் நடந்த அலைச்சலும் உள்ளன. இவற்றை நீக்கி அவலச்சுவையை மட்டும் பிரித்தெடுக்கும் வாசிப்பு, ஆக்கப்பட்டவரை மீண்டும் ‘போனவர்’ ஆக்கிவிடுகிறது. இங்கு அவலம் சான்றின் விளைவேயன்றி, அதற்கு மாற்றன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால், இவ்வெழுத்துகளை நற்றாய் இரங்கல் மரபின் நீட்சியாக மட்டும் கொள்ளுதல் போதாது என்பது தெளிவாகிறது. தேடும் தாய் மரபுவழிப்பட்டவள்; அவள் எதிர்கொள்ளும் மறுப்பு புதியது. அம்மறுப்பை உடைக்க அவள் கைக்கொள்ளும் நாள், இடம், நிகழ்வு ஆகியனவே இவ்வெழுத்தின் உயிர். திறனாய்வாளர் எழுவாயைத் தேடும் இலக்கண ஆசிரியரைப் போல இவற்றை வாசித்தல் வேண்டும்.

ஜபல்பூர் தீர்ப்பைத் தவறென உச்ச நீதிமன்றம் 2017இல் தள்ளியது. அதற்கு வாய்ப்பளித்த அந்தரங்க உரிமை வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி என்பது குறிப்பிடத்தக்கது. சினேகலதா அடைக்கப்பட்டிருந்த சிறை வளாகம் இன்று சுதந்திரப் பூங்காவாகவும் போராட்டக் களமாகவும் உள்ளது. தீர்ப்புத் திருத்தப்பட நாற்பத்தோராண்டுகள் ஆயின. தாயின் கடிதமோ அத்தீர்ப்புக்கான மறுப்பை அவ்வாண்டிலேயே எழுதிவிட்டது.